32 மாணவர், 4 பொறுப்பாளர், 8 நாள்: மட்டக்களப்பிலிருந்து தமிழகத்துக்கு ஒரு கல்விப் பயணத்தின் கோவை

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை. நடனமும் சங்கீதமும் படிக்கும் மூன்றாம் வருட மாணவர் 32 பேரை, 4 பொறுப்பாளர்களுடன், பெப்ரவரியில் 8 நாள் தமிழகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், சிதம்பரம், தஞ்சாவூர் பார்த்து, திருச்சியிலிருந்து திரும்புவது திட்டம். இது நடந்து முடிந்த ஒரு பயணத்தின் பதிவு அல்ல. இப்படியான பயணத்துக்கு அனுமதி கேட்கும் கோவைகளில் (அலுவலகக் கோப்புகளில்) திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே பயணத்தில் வைத்துப் பார்க்கும் மாதிரி நிகழ்வு. படிவத்தின் பெயரும் அது போகும் மேசைகளின் வரிசையும் வந்தாறுமூலைக்கும் (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலுக்கும் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) இடையில் மாறலாம். கேட்கப்படும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை.

துறைகள் வழக்கமாகப் பயணத்துக்கு அனுமதி கேட்கின்றன. மேலே இருப்பவர்களோ பயணத்தைவிட ஆளைத்தான் பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குத் தஞ்சாவூரில் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் யார் முடிவெடுப்பார், எந்தக் காசில், எந்த அதிகாரத்தில் என்ற கேள்விக்குக் கோவையில் பதில் இருக்க வேண்டும். கோயில் சிற்பங்களின் அருமை பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு இதற்கு ஒரு வரிகூட எழுதாத விண்ணப்பம் திரும்பி வந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

யாரிடம் எதைக் கேட்பது

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் கல்வி அதிகாரத்தை மூதவைக்கும் (செனற்) நிறைவேற்று அதிகாரத்தைப் பேரவைக்கும் (கவுன்சில்) கொடுக்கிறது. உபவேந்தர் பிரதான நிறைவேற்று உத்தியோகத்தர். கணக்குக்குப் பொறுப்பானவரும் அவரே. வெளிநாட்டுக் குழுப் பயணம் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. பயணம் பாடநெறிக்குத் தேவைதானா என்பதைப் பீடச் சபையும் மூதவையும் பார்க்கும். விரிவுரையாளர்கள் கடமை விடுமுறையில் நாட்டை விட்டுப் போவதையும், பல்கலைக்கழகத்தின் பெயரில் 32 பேருக்குப் பொறுப்பேற்பதையும் பேரவை பார்க்கும். மாணவர் கட்டும் காசு எந்தக் கணக்கில் விழுந்து எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பது நிதியாளரின் விடயம். ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளைக்கு விடுமுறைப் படிவமும், இல்லாத நாட்களில் விரிவுரைகளை யார் பார்ப்பார் என்ற பதில் ஏற்பாடும் போதும்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தின் பிரதியை அனுப்புவதில்தான் முதல் பிழை நடக்கிறது. மூதவை உறுப்பினர் விமானக் கட்டண அட்டவணையை வாசிக்கிறார். நிதியாளர் கரணச் (நடன நிலை) சிற்பங்களைப் பற்றி வாசிக்கிறார். இருவருக்கும் தேவையானது இருவரிடமும் இல்லை. ஒரு பக்க முகப்புக் குறிப்பும் அதன் பின்னால் கல்வி, பொறுப்பு, நிதி, பாதுகாப்பு என்று நான்கு இணைப்புகளும் இருந்தால் அவரவர் தம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

முதற் கடிதம் எப்படி இருந்தது

மாதிரி நிகழ்வில் துறை முதலில் அனுப்பிய கடிதம் நான்கு வரிதான். 'மூன்றாம் வருட மாணவர்களின் கல்வி நலன் கருதி இந்தியாவுக்குக் கல்விச் சுற்றுலா ஒன்றை மேற்கொள்ள உத்தேசித்துள்ளோம். செலவை மாணவர்களே ஏற்பர். துறையின் விரிவுரையாளர்கள் உடன் செல்வர். அனுமதி தந்துதவுமாறு வேண்டுகிறோம்.'

ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியைக் கிளப்புகிறது. 'கல்விச் சுற்றுலா' என்றால் அது பாடநெறியின் பகுதியா, விருப்பமுள்ளவர் போகும் உல்லாசப் பயணமா? பாடநெறியின் பகுதி என்றால் காசில்லாத பிள்ளையை விட்டுவிட்டு எப்படி நடத்துவது? உல்லாசப் பயணம் என்றால் விரிவுரையாளருக்குக் கடமை விடுமுறை எதற்கு? 'செலவை மாணவர்களே ஏற்பர்' என்றால் உடன் செல்லும் நால்வரின் செலவை யார் ஏற்பது? மாணவர் காசில் விரிவுரையாளர் பறந்தார் என்று கணக்காய்வு வினா வந்தால் பதில் என்ன? 'விரிவுரையாளர்கள் உடன் செல்வர்' என்ற வரி எல்லாவற்றிலும் மோசம். நால்வர் போகிறார்கள், ஒருவரும் தலைவர் இல்லை.

திருத்திய குறிப்பில் அந்த மூன்றாவது வரி மட்டும் அரைப் பக்கமாக விரிந்தது. குழுத் தலைவர் இன்னார், சிரேஷ்ட விரிவுரையாளர். அவருக்கு இயலாமற் போனால் பதில் தலைவர் இன்னார். பயணத் திட்டத்தை மாற்றவும், ஒரு நிகழ்ச்சியை நிறுத்தவும், மாணவர் ஒருவரை உடன்வரும் ஒருவருடன் முன்கூட்டியே திருப்பி அனுப்பவும், அவசர நிதியிலிருந்து குறித்த உச்ச வரம்பு வரை முன் அனுமதியின்றிச் செலவிடவும் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அந்த வரம்புக்கு மேல் என்றால் பீடாதிபதியிடம் தொலைபேசியில் கேட்டு, அன்றைக்கே மின்னஞ்சலில் உறுதிப்படுத்த வேண்டும். பேரவைத் தீர்மானம் இந்த வாசகத்தோடு வந்தால் தலைவர் கையில் உண்மையான அதிகாரம் இருக்கிறது. 'பயணத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது' என்று மட்டும் வந்தால் பொறுப்பு அவருடையது, அதிகாரம் ஒருவருடையதும் இல்லை.

ஏன் நால்வர்

பேரவையில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி இது. '8 மாணவருக்கு 1 ஆள்' என்ற விகிதம் சொல்வது எளிது. ஆனால் விகிதம் எதையும் விளக்குவதில்லை. ஆளெண்ணிக்கையை மிக மோசமான நாளிலிருந்து கணக்கிட வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சிதம்பரத்தில் கடும் காய்ச்சல். ஒருவர் அவரோடு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். குழு அடுத்த நாள் தஞ்சாவூருக்குப் போகிறது. அங்கே ஒருவரின் கடவுச்சீட்டு தொலைந்தால் இன்னொருவர் அவரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் 30 மாணவரோடு பேருந்தில் இருப்பது ஒருவரா, இருவரா? மூன்று பேர் போயிருந்தால் ஒருவர். அவருக்கும் வயிற்றோட்டம் வந்தால் ஒருவரும் இல்லை. நான்காவது ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

நால்வரில் குறைந்தது இருவர் பெண்களாக இருப்பது நல்லது. ஒருவர் என்பது காகிதத்துக்குப் போதும், நடைமுறைக்குப் போதாது. பெண் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்குவது அந்த ஒருவர் என்றால் விடுதியில் மற்றப் பெண் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. நால்வரும் விரிவுரையாளராக இருக்க வேண்டியதில்லை. கணக்கு எழுதவும் பற்றுச்சீட்டுச் சேர்க்கவும் தெரிந்த ஒரு முகாமைத்துவ உதவியாளர் கூட வந்தால், திரும்பிவந்து கணக்கு முடிக்கும்போது அவருடைய பெறுமதி தெரியும். விரிவுரையாளரின் துணைவரையோ பிள்ளையையோ 'சொந்தச் செலவில்' சேர்ப்பதைக் குறிப்பில் வெளிப்படையாக மறுத்துவிடுவது நல்லது. அதை ஒருவர் கேட்பார். தலைவர் தன் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு 32 பேரையும் பார்க்க முடியாது.

பின்னாலிருந்து எண்ணுதல்

பீடச் சபை, மூதவை, பேரவை மூன்றும் பொதுவாக மாதத்துக்கு ஒரு தடவை கூடும். ஒவ்வொன்றுக்கும் நிகழ்ச்சிநிரல் மூடும் திகதி கூட்டத்துக்குப் பல நாள் முன்னால். ஒரு நாள் பிந்தினால் ஒரு மாதம் போகும். பெப்ரவரி நடுவில் பயணம் என்றால் சனவரி தொடக்கத்தில் விமான நிறுவனத்துக்குப் பெயர்ப் பட்டியல் போக வேண்டும். ஆகவே திசெம்பர்ப் பேரவை. அதற்கு நவம்பர் மூதவை, ஒக்டோபர் பீடச் சபை, செப்ரெம்பரில் துறைக் கூட்டத் தீர்மானம். கடவுச்சீட்டு வேலை அதற்கும் முன்னால், ஓகஸ்டில். எங்காவது ஒரு கூட்டம் பிற்போடப்பட்டால் முழுச் சங்கிலியும் நகரும் என்பதால், ஒரு மாதம் கையிருப்பில் வைத்து யூலையிலேயே தொடங்குகிறவர்கள்தான் கடைசியில் நிம்மதியாகப் போகிறார்கள்.

பெப்ரவரி என்பதற்கும் காரணம் உண்டு. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து திசெம்பர் வரை மட்டக்களப்பையும் தமிழகக் கரையையும் ஒன்றாகவே பிடிக்கும். 2023 திசெம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. சனவரி நடுவில் பொங்கல்; பேருந்தும் விடுதியும் கிடைப்பது கஷ்டம். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் முழுக்கக் கோயில் பிராகாரத்தில் நிற்க முடியாது. பெப்ரவரியிலும் ஒரு கண் வேண்டும்: மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடன விழா. நடன மாணவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த நாட்களில் 36 பேருக்கு அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிழக்கிலங்கை வகுப்பறை ஒரே சமயத்தவரால் ஆனது அல்ல.

கல்வி இணைப்பு

'தஞ்சைப் பெருங்கோயிலைப் பார்வையிடல்' என்பது கல்வி நோக்கம் ஆகாது. அதைப் பார்க்க எந்தச் சுற்றுலா முகவரும் கூட்டிப்போவார். மூதவைக்கு வேண்டியது பாடநெறிக் குறியீடு, கற்றற்பேறு, மதிப்பீட்டு முறை. மாதிரி நிகழ்வில் இதற்கு நல்ல பிடி கிடைத்தது. சிதம்பரம் கோபுர வாயில்களின் சுவரில் பரதரின் 108 கரணங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1010இல் நிறைவெய்திய தஞ்சைக் கோயிலின் விமானத்துக்குள் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) மேல்தள நடையில் 81 கரணங்கள் முடிந்திருக்கின்றன. மீதி 27க்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. ஒரே இலக்கணம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கல்லில் ஏறியதை ஒப்பிடும் பணி மூன்றாம் வருட மாணவருக்குச் சரியான அளவு.

இந்த இடத்தில்தான் பல திட்டங்கள் கவிழ்கின்றன. அந்த மேல்தள நடை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இணைப்பிலேயே எழுத வேண்டும்: கீழ்த் தளச் சிற்பங்கள், சரசுவதி மகால் நூலகம், படங்களை வைத்து ஒப்பீடு. சிதம்பரம் கோயிலுக்குள் படமெடுக்க விடமாட்டார்கள். பதிவுப் புத்தகமும் பென்சிலும் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். தமிழகக் கோயில்கள் பல நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கைத் தாண்டித்தான் திறக்கும். 'மு.ப. 11 முதல் பி.ப. 3 வரை கோயில்' என்று நிகழ்ச்சிநிரல் போட்டால், அதைத் தயாரித்தவர் ஒன்றும் விசாரிக்கவில்லை என்பது தமிழகம் போய்வந்த எந்த மூதவை உறுப்பினருக்கும் உடனே தெரியும். சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதோரை அனுமதிப்பதில்லை. குழுவில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்துக்கு அவர்களுக்கு என்ன பணி என்பதை வாசலில் நின்று யோசிக்கக்கூடாது.

சிதம்பரத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கிழக்கிலங்கை நுண்கலை மாணவர் அங்கே ஒரு அரை நாள் செலவிடுவதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அழைப்புக் கடிதம் தேவை. கடிதம் மட்டும் போதும். 'புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்யப்படும்' என்று ஆர்வத்தில் எழுதிவிட்டால் கோவை சட்ட அலுவலரிடம் போய், வேறொரு பாதையில் பல மாதம் நடக்கும். ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதைத் தனிக் கோவையாக, பிறகு.

காசில்லாத பிள்ளை பற்றிய கேள்விக்கு ஒரே நேர்மையான விடை மாற்றுப் பணி. அதே கற்றற்பேறு, அதே புள்ளி, உள்நாட்டிலேயே. மட்டக்களப்பிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் பொலன்னறுவை. அங்கே சோழர் காலச் சிவாலயம், அருங்காட்சியகத்தில் சோழர் வெண்கலங்கள். மாற்றுப் பணியை இரண்டாந்தரமாக வைக்கக்கூடாது. அதே விரிவுரையாளரில் ஒருவர் அதையும் வழிநடத்த வேண்டும். அதற்கான திகதியும் அதே இணைப்பில் இருக்க வேண்டும். இந்த ஒரு பந்தி இருந்தால் மூதவையில் விவாதம் பாதியாகக் குறையும்.

காசு

மாணவரிடம் சேர்க்கும் காசு எந்தக் காரணத்துக்காகவும் விரிவுரையாளரின் சொந்தக் கணக்கிலோ மாணவர் தலைவரின் கணக்கிலோ விழக்கூடாது. பல்கலைக்கழகக் காசாளரிடம் கட்டி, ஆளுக்கொரு பற்றுச்சீட்டு. இது தாமதம்தான். ஆனால் மற்ற வழியில் போனால் ஒரு பிள்ளை விலகித் தன் காசைத் திருப்பிக் கேட்கும் நாளில் விரிவுரையாளர் தனியாக நிற்பார். விலகினால் எந்தத் திகதிவரை எவ்வளவு திரும்பும் என்பதைக் காசு வாங்குமுன் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

செலவை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். விமானச் சீட்டு, வீசா, காப்புறுதி, சாப்பாடு ஆளுக்கு ஆள் வருவது. யாராவது விலகினால் அந்தச் செலவும் விலகும். பேருந்து வாடகை, சாரதியின் பேட்டா, வழிகாட்டி ஆகியவை ஆள் குறைந்தாலும் குறையாதவை. 36 பேருக்குப் பிரித்த பேருந்து வாடகை 30 பேருக்கு வந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே முதலிலேயே 30 பேருக்குக் கணக்குப் போட்டு, மிச்சம் வந்தால் திருப்பிக் கொடுப்பது புத்தி. அதன்மேல் 10 சதவீதம் அவசர நிதி. நாணய மாற்று விகிதம் எந்தத் திகதிக்கு உரியது என்பதையும் அட்டவணையில் எழுத வேண்டும்.

விலைமனு விடயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கொள்வனவு நடைமுறைக்கு மூன்று விலைமனு வேண்டும். விமானக் கட்டண மனுவோ ஒரு நாள், இரண்டு நாள்தான் செல்லுபடி. பேரவை அனுமதி தரும்போது அந்த விலை எங்கோ போயிருக்கும். திரும்பவும் பேரவைக்குப் போனால் இன்னொரு மாதம். இதற்கு வழி, குறிப்பிட்ட விலைக்கு அனுமதி கேட்காமல் உச்ச விலைக்கு அனுமதி கேட்பது: 'ஆளொருவருக்கு இவ்வளவுக்கு மேற்படாமல், வாங்கும் நாளில் ஆகக் குறைந்த மனுவுக்கு'. அடுத்த பொறி முற்பணம். 10 பேருக்கு மேல் என்றால் குழுக் கட்டணம் கிடைக்கும், பெயர்ப் பட்டியலைப் பிறகு கொடுக்கலாம். ஆனால் இருக்கையைப் பிடித்து வைக்கக் கட்டும் முற்பணம் பெரும்பாலும் திரும்பாது. பேரவைத் தீர்மானத்துக்கு முன் அதைக் கட்டும் துறை, அனுமதி கிடைக்காவிட்டால் அந்தக் காசை யாரிடம் கேட்கும்? தீர்மானம் கைக்கு வருமுன் ஒரு சதமும் முகவருக்குப் போகக்கூடாது. 'இண்டைக்குப் பிடிக்காட்டிச் சீற் போயிரும் சேர்' என்று முகவர் எத்தனை தடவை எடுத்தாலும் சரி.

உடன் செல்வோர் நால்வரின் செலவு பல்கலைக்கழக நிதியிலிருந்தா, ஆய்வு அல்லது பயண ஒதுக்கீட்டிலிருந்தா, அவரவர் கையிலிருந்தா என்பது எண்ணோடு வர வேண்டும். அரச செலவில் வெளிநாட்டுப் பயணத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றறிக்கைகள் அடிக்கடி மாறுகின்றன. அந்த மாதத்தில் எது நடைமுறையில் என்பதை நிதிப் பிரிவில் கேட்டு, அதன் இலக்கத்தைக் குறிப்பில் போட்டால் நிதியாளரின் மேசையில் கோவை கிடக்காது.

பெயர், கடவுச்சீட்டு, வீசா

மிக அற்பமாகத் தோன்றி மிக அதிகம் கெடுப்பது பெயர். பல்கலைக்கழகப் பதிவில் முதலெழுத்தோடு பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் விரிந்து நிற்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், மற்றப் பெயர்கள் என்று இரண்டு கட்டம். எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குத் தகப்பன் பெயர் முதற் கட்டத்திலும் இன்னொருவருக்குத் தன் பெயரே அதிலும் ஏறியிருக்கும். இவற்றோடு ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு: ஒன்றில் 'ஏ' ஒன்று கூட, இன்னொன்றில் 'எச்' இல்லை. துறை அலுவலகம் மாணவர் பதிவேட்டிலிருந்து பட்டியல் தட்டச்சு செய்து முகவருக்கு அனுப்பினால் 32 சீட்டில் பல பிழையாக வரும். திருத்தக் கட்டணம் சீட்டு ஒவ்வொன்றுக்கும். சில வேளை திருத்தவே விடமாட்டார்கள். பட்டியலைக் கடவுச்சீட்டின் விபரப் பக்கப் பிரதியைப் பார்த்தே, அதன் அடியில் இருக்கும், இயந்திரம் வாசிக்கும் வரியோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். பிறகு ஒவ்வொரு மாணவரும் தன் வரிக்கு எதிரே கையொப்பமிட வேண்டும்.

மூன்றாம் வருட வகுப்பில் பலரிடம் கடவுச்சீட்டே இருக்காது. இணையவழியில் விண்ணப்பித்துக் கைவிரல் அடையாளத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கும் வசதி 2023 முதல் சில செயலகங்களில் இருக்கிறது. ஆனாலும் 2024இல் கடவுச்சீட்டுப் புத்தகத் தட்டுப்பாட்டில் நின்ற வரிசைகளை நினைவில் வைத்து மாதக் கணக்கில் நேரம் விட வேண்டும். ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் இந்தியாவில் இறங்கும் நாளில் 6 மாதம் செல்லுபடியும், முத்திரைக்கு இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும்.

இலங்கையர் இந்திய இ-வீசா எடுக்கலாம்; சென்னையும் திருச்சியும் அதற்கு அனுமதித்த விமான நிலையங்கள். 30 நாள் சுற்றுலா வீசாவுக்கு வருகைக்கு முந்திய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம். ஒரு வருட வீசாவுக்கு 120 நாள் முன்பே முடியும். 36 பேரைக் கடைசி மாதத்தில் கணினி முன் உட்கார வைப்பதைவிட இரண்டாவது நல்லது. படம் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஜேபெக். கடவுச்சீட்டுப் பக்கம் பிடிஎஃப், 300 கிலோபைட்டுக்குள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் அந்த அளவைத் தாண்டுவதால்தான் பலருக்கு ஏற்றுவது தடைப்படுகிறது. தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் சில இடைத்தரகருடையவை, பல மடங்கு வாங்குபவை. அரச தளத்தின் முகவரியைத் துறை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு மாலையில் கணினி ஆய்வுகூடத்தில் எல்லோரையும் ஒன்றாக இருத்தி நிரப்புவதே நல்லது. பெற்றோரின் பிறந்த இடம், கடந்த 3 வருடத்தில் போன சார்க் நாடுகள் போன்ற கேள்விகளுக்கு விபரத்தை முந்திய நாளே எழுதி வரச் சொல்ல வேண்டும்.

சுற்றுலா வீசாவில் எது செய்யலாம் என்பதைத் தலைவர் வாசித்திருக்க வேண்டும். பார்வையிடலாம், முறைசாராக் குறுங்கால நடன வகுப்பில் உட்காரலாம். அழைக்கும் நிறுவனம் 'பயிலரங்கு, சான்றிதழ், மேடை நிகழ்ச்சி' என்று கடிதம் எழுதினால் இந்திய உயர் ஸ்தானிகராலயத்திடம் எழுத்தில் கேட்டு, அதற்குரிய வீசாவை எடுக்க வேண்டும். கடிதத்தை வேறு மாதிரி எழுதித் தரச் சொல்வது வழியல்ல. குடிவரவு மேசையில் 32 பேரிடமும் தனித்தனியே 'எதற்கு வந்தாய்' என்று கேட்பார்கள். அதே காரணத்தால் திட்டத்தில் இல்லாத கள ஆய்வுகளை, குறிப்பாக அகதி முகாம்களில் நேர்காணல் போன்றவற்றை, 'அப்படியே போய்ப் பார்த்திட்டு வருவம்' என்று சேர்க்கக்கூடாது. காணொளி எடுக்கும் மாணவர் ட்ரோன் கொண்டுவரவும் கூடாது. இந்தியாவுக்குள் அதன் இறக்குமதிக்குத் தடை.

பாதுகாப்பு இணைப்பு

இதில் எல்லோரும் இந்தியாவைப் பற்றி எழுதுகிறார்கள். உண்மையில் முழுப் பயணத்தில் ஆபத்துக் கூடிய ஒரு பகுதி மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வீதி. ஏழெட்டு மணித்தியாலம், பெரும்பாலும் இரவு. வெலிக்கந்தை, ஹபரணைப் பக்கம் யானை, சாரதிக்குத் தூக்கம். அதிகாலை விமானம் பிடிக்க இரவோடிரவாக ஓடுவதற்குப் பதில் பகலில் போய் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கும் செலவை அட்டவணையில் சேர்ப்பதே சரி. தமிழகத்திலும் இரவு 10க்குப் பிறகு பேருந்து ஓடாது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே போட வேண்டும். தூரங்கள் அப்படி ஒன்றும் பெரியவை அல்ல: மாமல்லபுரம் – சிதம்பரம் சுமார் 160 கிலோமீற்றர்தான், சிதம்பரம் – தஞ்சாவூர் அதைவிடக் குறைவு.

விடுதி பிடிக்கும்போது முதற் கேள்வி வாடகை அல்ல, 'வெளிநாட்டவரை ஏற்பீர்களா' என்பதே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அவர் பற்றிய விபரம் அதிகாரிகளுக்குப் போக வேண்டும். அதற்குப் பதிவில்லாத சிறு லாட்ஜுகள் தமிழ் பேசும் ஆட்களைப் பார்த்து முன்பதிவை ஏற்றுவிட்டு, கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிப்பார்கள். இரவு 9 மணிக்கு 36 பேரோடு தெருவில் நிற்க நேரும். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியும் இந்த விபரத்தை அனுப்பியே ஆக வேண்டும்.

கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் உள்ளூர்ப் பொலிசில் முறைப்பாட்டுப் பிரதி. பிறகு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பயண ஆவணம். அதன்பின் இந்திய வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதி. ஒரே நாளில் முடியாது. குழு புறப்பட்ட பின்னும் ஒருவர் பின்தங்க நேரிடும். அவருடைய கூடுதல் நாள், தங்குமிடம், புதிய விமானச் சீட்டு எல்லாம் அவசர நிதியின் கணக்கில் முன்பே எழுதப்பட வேண்டும். எல்லோருடைய கடவுச்சீட்டையும் தலைவர் ஒரே பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நல்லதல்ல: அந்தப் பை போனால் 36ம் போகும். அவரவரிடம் அவரவருடையது, பிரதிகள் இரண்டு பொறுப்பாளரிடமும் பீடாதிபதி அலுவலகத்திலும்.

காப்புறுதியில் ஏற்கெனவே உள்ள நோய் விலக்கப்பட்டிருக்கும். வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு உள்ள பிள்ளை சொல்லப் பயப்படுவார், சொன்னால் கூட்டிப்போகமாட்டார்கள் என்று. ஆகவே மருத்துவ விபரப் படிவம் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் மூடிய உறையில் போக வேண்டும். தலைவருக்குத் தேவையானதை அவர் சொல்லட்டும். தமிழகத் தனியார் ஆஸ்பத்திரிகள் அனுமதிக்கும்போதே முற்பணம் கேட்கும். காப்புறுதி பின்னால் மீளத் தரும். தலைவரிடம் இயங்கும் அட்டை ஒன்றும் கொஞ்சம் காசும் இருக்க வேண்டும். அம்புலன்ஸ் 108, பொது அவசர இலக்கம் 112. இரண்டும் ஒவ்வொரு மாணவரின் கழுத்து அட்டையின் பின்பக்கத்தில்.

பெற்றோர் சம்மதக் கடிதம் சட்டத்துக்குத் தேவையில்லை, 18 வயது கடந்தவர்கள். ஆனாலும் வாங்குவதே முறை. வாசிக்கத் தெரிந்த மொழியில், தங்குமிட விபரத்தோடு. 'என்ன நேர்ந்தாலும் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல' என்று அதில் எழுதி வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர் உண்டு. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருக்கும்போது, கவனக்குறைவால் வந்த காயத்துக்கோ மரணத்துக்கோ அந்த வரி கவசமாகாது. அதை எழுதும் நேரத்தில் பேருந்தின் டயரைப் பார்க்கலாம்.

அனுமதி வந்த பின்

மாதிரி நிகழ்வில் பேரவை நிபந்தனையுடன் அனுமதித்தது: காப்புறுதிப் பத்திரமும் இறுதிப் பெயர்ப் பட்டியலும் புறப்படுவதற்கு 14 நாள் முன் பதிவாளருக்கு, இரு பெண் பொறுப்பாளர் உறுதி, தினமும் இரவு 9 மணிக்குள் பீடாதிபதிக்கு ஒரு வரிச் செய்தி. நிபந்தனை அனுமதி கிடைத்தவுடன் கோவையை மூடிவைத்துவிட்டு நிபந்தனையை மறப்பது வழமை. திகதிகளை யார் பார்ப்பது என்று ஒரு பெயர் போட வேண்டும். மாமல்லபுரத்தில் சார்க் நாட்டவருக்கு இந்தியருக்கான 40 ரூபாய்ச் சீட்டே போதும், வெளிநாட்டவருக்கான 600 அல்ல. கடவுச்சீட்டுப் பிரதியைக் கவுண்டரில் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். 36 பேருக்கு அந்த வித்தியாசம் 20,160 இந்திய ரூபாய்.

திரும்பிய பின் பற்றுச்சீட்டுகள். பேருந்துச் சாரதியின் பேட்டாவுக்கும் தெருவோரச் சாப்பாட்டுக்கும் பில் வராது. அன்றன்றைக்கே வவுச்சரில் கையொப்பம் வாங்கியிருந்தால்தான் உண்டு. வெப்பத்தாளில் அச்சான பில்கள் சில மாதத்தில் வெளுத்துவிடும், அவற்றை அங்கேயே படமெடுத்து வைக்க வேண்டும். முற்பணக் கணக்கு முடியாத தலைவரின் பெயர் உள்ளகக் கணக்காய்வின் பட்டியலில் ஏறினால், அதே துறையின் அடுத்த விண்ணப்பம் நிதியாளரின் மேசையைத் தாண்டாது. மூதவைக்கான அறிக்கையில் மாணவரின் பணிகளும் புள்ளிகளும், மாற்றுப் பணி செய்தவர்களுடையதும் சேர்ந்தே, ஒரே அட்டவணையில் போக வேண்டும்.